சோழிக் கணக்கின் அடுக்குகள்: வாக்கியக் கிரகணக் கணிப்பும் முறைசார் மீள்பொறியியலும்

ஆய்வுச்சுருக்கம்

மூல ஆவணம் கிடைக்காத ஒரு மென்பொருளை அதன் இயக்கத்திலிருந்து ஆராய்ந்து, அது என்ன செய்கிறது என்பதைக் கணித மொழியில் மீட்டெடுப்பது முறைசார் மீள்பொறியியல் ஆகும். கணினி தோன்றுவதற்கு முன்பே நிகழ்ந்த ஒரு கணிப்புக்கு இவ்வழியைப் பொருத்திப் பார்க்கிறது இக்கட்டுரை. 1825ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தைத் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் சோழிகளைக் கொண்டு கணித்ததை ஜான் வாரன் பதிவு செய்தார். 1952இல் ஓட்டோ நொய்கேபாவர் அப்பதிவை ஆராய்ந்தார். அக்கணிப்பில் உள்ள எண்கள் ஒரே காலத்தவை அல்ல. வெவ்வேறு காலங்களில் படிந்த அடுக்குகள் என்பதும், அவற்றைப் பிரித்தறியாமல் மரபின் தோற்றம் பற்றி முடிவு கூறுதல் பொருந்தாது என்பதும் இக்கட்டுரையின் முடிபுகள்.

திறவுச்சொற்கள்: வாக்கியம், சந்திரன், சோழி, கடபயாதி, மீள்பொறியியல், தொடர் பின்னம், ஆரியபடீயம், பரகிதம்

முன்னுரை

தமிழகத்தில் வாக்கியப் பஞ்சாங்கம், திருக்கணிதப் பஞ்சாங்கம் என இருவகை வழக்கில் உள்ளன. திருக்கணிதம் இன்றைய வானியல் அளவீடுகளைக் கொள்வது. வாக்கியமோ மனப்பாடமாகக் கைமாறி வந்த தொடர்களை அடிப்படையாகக் கொண்டது. இவ்விரண்டில் எது சரியானது என்ற வாதம் நெடுங்காலமாக நடைபெறுகிறது. ஆனால் வாக்கியம் எத்தகைய கணிப்புமுறை, அதன் உள்ளமைப்பு யாது, எக்காலத்தில் எப்பகுதி சேர்ந்தது என்ற வினாக்கள் தமிழாய்வில் போதிய கவனம் பெறவில்லை.

இவ்வினாக்களுக்கு விடை தேட மென்பொருளியலின் ஒரு கிளை துணைசெய்கிறது. இருக்கும் ஒரு மென்பொருளின் கூறுகளையும் அவற்றின் உறவுகளையும் கண்டறிந்து, அதனை மேல்நிலை விவரிப்பாக மாற்றுவதே மீள்பொறியியல் என 1990இல் சிகோஃப்ஸ்கி, கிராஸ் இருவரும் வரையறுத்தனர். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் வார்டு, கீத் பென்னட் ஆகியோர் ஐபிஎம் கணினிகளின் பழைய அசெம்ப்ளர் நிரல்களை, பொருள் மாறாத கணித உருமாற்றங்களின் வழியே விவரக்குறிப்புகளாக மாற்றும் பணியை மேற்கொண்டனர். எழுதியவர் நினைவில் இல்லாத நிரலின் பொருளை ஊகத்தால் அன்றி நிறுவலால் பெறுதலே இவ்வழியின் நோக்கம்.

பூட்டும் திறவும்: புறநோக்கின் எல்லை

உள்ளே பார்க்க இயலாத பொறியைப் புறத்திலிருந்து எவ்வளவு அறிய முடியும் என்ற வினாவை 1956இல் எட்வர்டு மூர் எழுப்பினார். அவர் கையாண்ட எடுத்துக்காட்டுகளுள் ஒன்று பூட்டு. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற பூட்டுத் தொழிலைக் கொண்ட திண்டுக்கல்லில் இதனை விளக்குதல் எளிது. நான்கு சக்கர எண்பூட்டு ஒன்றையும், ஒருபோதும் திறக்காத போலிப் பூட்டு ஒன்றையும் அருகருகே வைத்துக் கொள்வோம். சரியான எண்ணைத் தவிர மற்ற 9,999 எண்களுக்கும் இரண்டும் ஒரே விடையைத் தரும். ஆகவே உள்ளே எத்தனை நிலைகள் உள்ளன என்பது தெரியாதவரை, எத்தனை முறை சோதித்தாலும் வெளிப்பயனைக் கொண்டு மட்டும் பொறியை முழுதாக அறுதியிட முடியாது.

1987இல் டானா ஆங்லுயின் இதற்கு ஒரு வழி கண்டார். பொறியிடம் கேள்வி கேட்பதோடு, நாம் ஊகித்த மாதிரி தவறானால் எதிர்க்காட்டு ஒன்றைத் தரவல்ல ஆசிரியரும் இருந்தால், முடிவுறு நிலைப்பொறியைத் திறமையாகக் கற்றுவிடலாம் என நிறுவினார்.

வரலாற்றாய்வாளர்க்கு இதிலிருந்து கிடைப்பது ஓர் எச்சரிக்கை. பஞ்சாங்கம் அச்சிட்ட கிரகண நேரங்கள் மட்டும் நம்மிடம் இருந்தால், அவற்றைத் தரவல்ல கணிப்புமுறைகள் பலவாக இருக்கலாம். இடைப்பட்ட படிகளின் பதிவு வேண்டும். தமிழ் வாக்கிய மரபுக்கு அத்தகைய பதிவு கிடைத்தது.

வாரனின் பதிவு

1769ஆம் ஆண்டு வெள்ளி சூரியனைக் கடக்கும் காட்சியைக் காணப் புதுச்சேரியில் தங்கியிருந்த பிரெஞ்சு வானியலாளர் லெ ஜாந்தீல், மேகம் மறைத்ததால் அதனைக் காணவில்லை. எனினும் உள்ளூர்க் கணிதர் ஒருவரிடம் தமிழர் கிரகணக் கணிப்பைக் கற்று ஐரோப்பாவுக்கு அறிவித்தார். அவருக்குப் பின், சென்னை வானாய்வகத்தின் பொறுப்பில் இருந்த ஜான் வாரன், 1825இல் சென்னையில் வெளியான 'கால சங்கலித' என்னும் நூலில் இதனை இன்னும் விரிவாகப் பதிவு செய்தார். 1825 மே 31, சூன் 1 ஆகிய நாட்களுக்கு இடைப்பட்ட இரவில் நிகழ்ந்த சந்திர கிரகணத்தை, ஒரு பஞ்சாங்கக் கணிதர் தரையில் சோழிகளை வைத்தும், மனப்பாடமான சொற்களால் அட்டவணைகளை நினைவுகூர்ந்தும் வாரனுக்குக் கணித்துக் காட்டினார். உண்மை நேரங்களோடு ஒப்பிடுகையில் அவர் கணிப்பு தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமும் வேறுபட்டது.

அவருக்கு வானியல் கொள்கை தெரியாது, நினைவாற்றலே உண்டு என்பது வாரனின் மதிப்பீடு. மதிப்பீடு எதுவாயினும், இடைப்பட்ட எண்கள் ஒவ்வொன்றையும் அவர் குறித்துவைத்தது பெரும்பேறு. நிரலை இயக்கி, ஒவ்வொரு படியிலும் நினைவகத்தின் நிலையை எழுதிவைக்கும் இன்றைய செயலுக்கு இது நிகரானது. 1952இல் 'ஓசிரிஸ்' இதழில் நொய்கேபாவர் எழுதிய தமிழ் வானியல் பற்றிய கட்டுரை இப்பதிவின்மேல் எழுந்ததே.

கணிப்பின் உள்ளமைப்பு

கணிப்பின் முதற்படி, கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாட்களின் தொகை. 1825 மே 31 சூரிய உதயம் வரை அது 1,799,312. கலியின் முதல் நாள் வெள்ளி. 1,799,312ஐ 7ஆல் வகுக்க மீதி 4. வெள்ளியிலிருந்து நான்கு நாள் தள்ளினால் செவ்வாய். மே 31 செவ்வாய்க்கிழமையே. ஆகவே தொகை சரி.

அடுத்து இத்தொகையிலிருந்து நான்கு எண்கள் வரிசையாகக் கழிக்கப்படுகின்றன.

வேதம்: 1,600,984
ரசகரிகம்: 12,372
களநிலம்: 3,031
தேவரம்: 248

பெயர்களே எண்கள். கடபயாதி முறையில் வடமொழி ஒலிகளுக்கு இலக்கம் கொடுத்து வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். தேவரம் என்பதில் தே (தகர வரிசையின் மூன்றாம் ஒலி) 8, வ 4, ர 2, திருப்பினால் 248. களநிலத்தில் 1, 3, 0, 3, திருப்பினால் 3,031. ரசகரிகத்தில் 2, 7, 3, 2, 1, திருப்பினால் 12,372. வாரனின் ஆங்கில எழுத்துப்பெயர்ப்பில் சொற்கள் சிதைந்திருப்பினும், எண்ணும் பெயரும் ஒன்றையொன்று சரிபார்ப்பதால் மூலவடிவத்தை மீட்க முடிகிறது.

1825ஆம் ஆண்டுக் கணக்கு பின்வருமாறு அமைகிறது:

1,799,312 − 1,600,984 = 198,328
198,328 − (16 × 12,372) = 376
376இல் 3,031 அடங்காது
376 − (1 × 248) = 128

ஒவ்வொரு எண்ணுக்கும் உரிய சந்திரனின் நகர்வு (துருவம்) தனியே மனப்பாடம். வேதத்துக்கு 212 பாகை 0 கலை. ரசகரிகத்துக்கு 297 பாகை 48 கலை. தேவரத்துக்கு 27 பாகை 44 கலை. இவற்றை மேற்கண்ட மடங்குகளால் பெருக்கிக் கூட்டி, 360 பாகைச் சுற்றுகளை நீக்கினால் ஏறத்தாழ 324½ பாகை வரும். அதனோடு, வரருசி பெயரால் வழங்கும் 248 சந்திர வாக்கியங்களுள் 128ஆவதைக் கூட்டினால் சந்திரனின் இருப்பு கிட்டும். சூரியனுக்கும் ராகுவுக்கும் தனிக்கணக்குகள் உண்டு. சந்திரன் பகுதியே சிக்கலானது என்பதால் இக்கட்டுரை அதனோடு நிற்கிறது.

மாறாக்கூற்றும் பிழையெல்லையும்

1969இல் டோனி ஹோர் வகுத்த முறைப்படி, ஒரு சுழற்சியின் பொருளை அறிய அதன் ஒவ்வொரு சுற்றிலும் மாறாமல் நிற்கும் கூற்றைக் கண்டறிய வேண்டும். இக்கணிப்பில் அத்தகைய கூற்றுகள் இரண்டு. கழித்த நாட்களும் எஞ்சிய நாட்களும் சேர்ந்து எப்போதும் மொத்த நாட்டொகையாகும் என்பது முதலாவது. சேர்த்த துருவமும், எஞ்சிய நாட்களில் உச்சத்திலிருந்து சந்திரன் நகரும் அளவும் சேர்ந்து அதன் இருப்பாகும் என்பது இரண்டாவது.

முதற்கூற்று எளிய கூட்டல். இரண்டாவது மெய்யாக, கழிக்கும் ஒவ்வொரு எண்ணும் சந்திரனை மீண்டும் உச்சத்தில், அதாவது பூமியிலிருந்து மிகத் தொலைவான புள்ளியில், கொண்டுவந்து நிறுத்த வேண்டும். உச்சத்திலிருந்து உச்சம்வரை உள்ள காலத்தை இக்கட்டுரை உச்சமாதம் எனக் குறிக்கும். அது சுமார் 27.5546 நாள். 248 நாள் என்பது ஏறத்தாழ 9 உச்சமாதம்; 3,031 நாள் 110 உச்சமாதம்; 12,372 நாள் 449 உச்சமாதம். எண்களின் பொருள் இதுவே.

சமம் முற்றிலும் துல்லியமானதன்று. 248 நாள், 9 உச்சமாதத்தை விடச் சுமார் 0.009 நாள் மிகை. தேவரம் மிகுதியாக 12 முறையே கழிக்கப்படும் என்பதால், திரளும் பிழை 0.107 நாளுக்குமேல் போகாது. சந்திரனின் மையச் சமன்பாடு ஏறத்தாழ 5 பாகை எனக் கொண்டால், இருப்பில் இதனால் வரும் பிழை சுமார் 7 கலை. கிரகண நேரத்தில் ஏறத்தாழ கால் மணி. 1825 கணிப்பில் தேவரம் ஒரே முறைதான் கழிக்கப்பட்டது. எனவே அக்கிரகண நடுவில் கண்ட 23 நிமிட வேறுபாட்டுக்கு இச்சுழற்சி காரணம் அன்று. வேறுபாட்டை அடிப்படை மாறிலிகளிலும் கொள்கையிலும் தேடவேண்டும். சோழி நகர்த்தியவர் மேல் பழி போடவும் இடமில்லை.

எண்களின் காலம்

நிரலுக்குள் அது தொகுக்கப்பட்ட நாள் பொதிந்திருப்பதுண்டு. வேதம் எனும் எண் அத்தகையது. கலியிலிருந்து 1,600,984ஆவது நாள் ஜூலியன் நாட்காட்டிப்படி 1282 மே 22. அன்றைய சூரிய உதயத்தையொட்டிச் சந்திரன் உச்சத்தில் இருந்ததாக ஆரியபட மரபின் மாறிலிகள் காட்டுகின்றன. ஆகவே இவ்வடிவம் 13ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியை ஒட்டி அமைந்ததெனக் கொள்ளலாம். குப்பண்ண சாஸ்திரியும் கே. வி. சர்மாவும் 1962இல் சென்னையில் பதிப்பித்த 'வாக்கியகரணம்', சுந்தரராஜரின் உரையுடன், இக்கணிப்பின் நூல்வடிவத்தை வெளிக்கொணர்ந்தது. அதற்குப் பத்தாண்டுகளுக்கு முன்பே வாரனின் பதிவிலிருந்து உள்ளமைப்பு மீட்கப்பட்டிருந்தது நினைவிற்கொள்ளத்தக்கது.

248, 3,031 ஆகிய எண்களின் கதை வேறு. கி.பி. மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்த, எகிப்தில் கிடைத்த கிரேக்க ஓலையான ரைலண்ட்ஸ் பாப்பிரஸ் 27இல் இவ்விரண்டும் உள்ளன. வராகமிகிரரின் பஞ்சசித்தாந்திகையில் வரும் வாசிட்ட சித்தாந்தத்திலும் உள்ளன. இவற்றின் அடிப்படையில் பாபிலோனியக் கணிப்புமுறை கிரேக்கர் வழியே இந்தியா வந்து தமிழகத்தில் 19ஆம் நூற்றாண்டுவரை வாழ்ந்தது என நொய்கேபாவர் கருதினார்.

இங்குத் தொடர் பின்னக் கணிதம் ஒரு வேறுபாட்டை முன்வைக்கிறது. உச்சமாத அளவைத் தொடர் பின்னமாக விரித்தால் கிடைக்கும் சிறந்த அண்ணளவுகள் 55/2, 248/9, 3,031/110 என வரிசையாக வருகின்றன. ஆரியபடரின் அளவு, பிற்காலத் திருத்த அளவு, இன்றைய அளவு என எதை எடுத்தாலும் இவ்வரிசை மாறுவதில்லை. நல்ல அளவீடு உடைய எவரும் இவ்வெண்களையே அடைவர். எனவே இவை ஒத்திருப்பது மட்டுமே கடன்பெற்றதற்குச் சான்றாகாது. பஞ்சசித்தாந்திகை போன்ற நூற்சான்று சேரும்போதே அக்கருத்து வலுப்பெறுகிறது.

12,372 அவ்வாறன்று. ஆரியபடீயத்தின்படி ஒரு மகாயுகத்தில் நாட்கள் 1,577,917,500. சந்திரனின் சுற்றுகள் 57,753,336. உச்சத்தின் சுற்றுகள் 488,219. இவை தரும் உச்சமாதம் 27.554602 நாள். இதனை விரித்தால் 3,031க்குப் பின் 3,279, 9,589 ஆகியவை வரும், 12,372 வராது. ஆனால் அரிதத்தர் கி.பி. 683ஐ ஒட்டி வகுத்த பரகிதத் திருத்தத்தில் ஆண்டுக்குச் சந்திரனிலிருந்து 9/85 கலையும், உச்சத்திலிருந்து 65/134 கலையும் குறைக்கப்படுகின்றன. அதன்படி உச்சமாதம் 27.554565 நாளாகிறது. இதை விரித்தால் 3,031க்கு அடுத்து வருவது 12,372. அதாவது 4 × 3,031 + 248. 12,372ஐ 449ஆல் வகுத்தால் 27.554566.

எனவே 12,372 என்பது தென்னாட்டில் நிகழ்ந்த ஒரு திருத்தத்தின் கைரேகை. மாறிலி சற்று மாறினாலும் இவ்வெண் மாறியிருக்கும் என்பதாலேயே அது சான்றாகிறது. புதுமன சோமயாஜியின் கரணபத்ததி, இத்தகைய எண்களைப் பெறும் வழியாகத் தொடர் பின்னத்துக்கு நிகரான வல்லி முறையை வெளிப்படையாகவே விளக்குகிறது. எண்ணைப் பெறும் முறையும் இம்மரபினர்க்குத் தெரிந்திருந்தது என்பதற்கு இது சான்று.

இடம் மாறும் பகுதி

கடைசி அடுக்கு ஊர் சார்ந்தது. புதுச்சேரியில் நிகழ்ந்த கணிப்பைத் திண்டுக்கல்லுக்கு மாற்ற வேண்டின் மேற்கண்ட நான்கு எண்களில் ஒன்றும் மாறாது. மாறுவன இரண்டே. ஒன்று, சம இரவுபகல் நாளின் நண்பகலில் 12 அங்குலக் கோலின் நிழல். புதுச்சேரியில் இது சுமார் 2.5 அங்குலம், 10 பாகை 22 கலை அகலாங்கில் உள்ள திண்டுக்கல்லில் சுமார் 2.2 அங்குலம். மற்றொன்று உஜ்ஜயினிக் கோட்டிலிருந்து கிழக்குத் தொலைவு. புதுச்சேரிக்கு ஏறத்தாழ 41 விநாடிகை. திண்டுக்கல்லுக்கு ஏறத்தாழ 22 விநாடிகை. ஊருக்குரிய தரவை மையக் கணிப்பிலிருந்து பிரித்து வைத்திருப்பது, அதே கணிப்பைப் பல ஊர்களுக்குக் கொண்டுசெல்ல வழிவகுத்தது.

முடிவுரை

வாரன் பதிவு செய்த ஒரே இரவுக் கணக்கில் நான்கு அடுக்குகள் உள்ளன. பல நாகரிகங்களுக்கும் பொதுவான 248, 3,031. பரகிதத் திருத்தத்தைத் தாங்கிய 12,372. 1282ஐச் சுட்டும் 1,600,984. ஊருக்கு ஊர் மாறும் நிழலும் தூரமும். இவற்றை ஒருசேர நோக்கி, முழுவதும் தொன்மைத் தமிழ் அறிவு எனலும், முழுவதும் இரவல் எனலும் ஒரே தவறின் இரு முகங்கள். இரண்டு நிரல்கள் ஒரே விடையைத் தருவதால் ஒன்று மற்றொன்றின் படி ஆகிவிடாது. தேவையால் விளைந்த ஒற்றுமையையும் தேர்வால் விளைந்த ஒற்றுமையையும் பிரித்த பின்னரே மூலம் பற்றிப் பேச இயலும்.

முறைசார் வழிக்கு எல்லையும் உண்டு. அது கணிப்பின் பொருளையும் காலத்தையும் மீட்டுத் தரும். கணித்தவரின் பயிற்சியையும் அவர் ஆசிரியரையும் மீட்டுத் தராது. 1825ஆம் ஆண்டுக் கணிதரின் பெயர், 'சாமி நாடன் சாஷியா' என வாசிக்கத்தக்க சிதைந்த எழுத்துப்பெயர்ப்பில் மட்டுமே நமக்கு எஞ்சியுள்ளது. எண்ணின் பெயரைச் சரிபார்க்கக் கடபயாதி உள்ளது. மனிதர் பெயருக்கு அத்தகைய துணை இல்லை.

இன்றும் வாக்கியம் கணிக்கும் குடும்பங்களிடம் களப்பணி மேற்கொள்வோர், அச்சான பஞ்சாங்கத்தோடு நிறைவடையாமல், கணக்கின் ஒவ்வொரு படியையும் கணிப்பவரின் பெயரோடும் ஊரோடும் பதிவு செய்தல் வேண்டும். விடைகள் மட்டும் எஞ்சினால் பின்வருவோர் நிற்பது பூட்டிய கதவின் முன்புதான்; வாரன் எழுதிவைத்த இடைப்படிகளே அதன் திறவாக அமைந்தன.